கடிதம் வாசித்தவள்: இராமநாதபுரம் கரையின் போர்க்கால நாவல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமநாதபுரம் கரையில் வாழ்ந்த மூன்று பெண்களைப் பற்றி நான் எழுதிய நாவலைப் படித்தவர்கள் பல கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன். கதையின் முடிவையும் பேச வேண்டியிருப்பதால், நாவலை இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது.

நாவலின் கதைச் சுருக்கம் என்ன?

தேவிபட்டினத்துக்கும் மண்டபத்துக்கும் இடையிலுள்ள, பெயர் குறிப்பிடாத ஒரு கடற்கரை ஊரில் 1941 டிசம்பரில் கதை தொடங்கி 1946 தை அமாவாசையன்று முடிகிறது. முதல் பெண் பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். வாத்தியாரே ஊரின் கிளைத் தபால் நிலையத்தையும் பார்த்துக்கொள்கிறார். கிராமங்களில் அது அன்றைக்கு வழக்கமான ஏற்பாடு. எழுத்தறியாத வீடுகளுக்கு வரும் கடிதங்களை வாசித்துக் காட்டுவதும் பதில் எழுதிக் கொடுப்பதும் அவளுடைய வேலையாகின்றன. இரண்டாமவள் வலைக்கார வீட்டுப் பெண். அவள் கணவன் ரங்கூன் துறைமுகத்தில் கூலிவேலை செய்கிறான். மூன்றாமவள் மரைக்காயர் வீட்டுப் பெண். திருமணமான எட்டாம் மாதத்தில் அவள் கணவன் பினாங்குக்குக் கடை பார்க்கப் போய்விட்டான்.

போர் பர்மாவையும் மலாயாவையும் விழுங்கியதும் கடிதமும் மணியார்டரும் நின்றுபோகின்றன. 1942 மே மாதத்தில், பர்மாவின் மேற்குக் கரையான அரக்கான் வழியாக நடந்தே வந்து சேர்ந்த ஒருவன், வலைக்காரப் பெண்ணின் கணவன் தவுங்கப் கணவாயில் காலராவில் இறந்துவிட்டதை வாத்தியார் மகளிடம் மட்டும் சொல்லிவிட்டுத் தன் ஊருக்குப் போகிறான். அப்போது வலைக்காரப் பெண் பிரசவித்துப் பன்னிரண்டு நாட்களே ஆகியிருந்தன. செய்தியைச் சொல்ல வாய் வராத வாத்தியார் மகள், அடுத்த மாதம் ஒரு பழைய உறையைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் பத்திரமாகச் சிட்டகாங் வந்துவிட்டான் என்றும், அசாமில் பட்டாளத்து ரோடு போடும் வேலையில் சேர்ந்துவிட்டான் என்றும், வராத ஒரு கடிதத்தை வாசிக்கிறாள். அன்று தொடங்கிய பொய்யை அவள் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் வாசித்துக்கொண்டே இருக்கிறாள்.

இந்தக் கரையில் ஒரு குண்டுகூட விழவில்லையே, இதை எப்படிப் போர் நாவல் என்கிறீர்கள்?

போர் இந்தக் கரைக்குத் தபால் பையின் வழியாக வந்தது, அல்லது அந்தப் பை காலியாக வந்ததன் வழியாக வந்தது என்று சொல்ல வேண்டும். இராமநாதபுரம் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகாத ஆண்டில் விளைச்சல் இல்லை, வாடைக் காலத்தில் கடலும் கைகொடுப்பதில்லை. ஆகவே ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழும்புக்கும், ரங்கூனுக்கும், பினாங்குக்கும், சிங்கப்பூருக்கும் போனார்கள். அக்கரைச் சீமையிலிருந்து வரும் பணத்தில்தான் இக்கரையில் அடுப்பு எரிந்தது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள் என்பதைக் கவனித்தால், அந்த நகரத்தின் மேல் விழுந்த குண்டு இங்கே எத்தனை வீடுகளின் கூரையில் விழுந்திருக்கும் என்பது புரியும். குண்டு விழுந்த ஊரில் செத்தவர் யார், பிழைத்தவர் யார் என்று சில நாட்களில் தெரிந்துவிடுகிறது. இங்கே அது ஆண்டுக்கணக்கில் தெரியவில்லை. அந்தத் தெரியாத காலத்துக்குள் ஒரு பெண் எடுக்க வேண்டியிருந்த முடிவுகளே என் நாவலின் பொருள்.

நாவலில் வரும் நிகழ்வுகளில் எவை வரலாறு?

மூன்று பெண்களும் அவர்களுடைய குடும்பங்களும் ஊரும் கற்பனை. அவர்களைச் சுற்றி நடப்பவை உண்மை. 1941 டிசம்பர் 23 அன்றும் கிறிஸ்துமஸ் அன்றும் ஜப்பானிய விமானங்கள் ரங்கூனைத் தாக்கியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பினாங்கு அதே டிசம்பரிலும், சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்றும், ரங்கூன் மார்ச் 8 அன்றும் வீழ்ந்தன. பர்மாவிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் மலையும் காடும் கடந்து வெளியேறினார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் வழியிலேயே பல்லாயிரம் பேரைக் கொண்டுபோயின. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 அன்று திருகோணமலையும் தாக்கப்பட்டன. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிப் போய்வந்து பழகிய ஒரு கரைக்குக் கொழும்பு தூரத்து ஊர் அல்ல. அந்த வாரத்தில் ஊரார் விளக்கேற்றப் பயந்து இருட்டில் உட்கார்ந்திருக்கும் அத்தியாயத்தை அதனால்தான் எழுதினேன்.

மூன்று பெண்களுக்கும் ஏன் பெயர் வைக்கவில்லை?

என் அப்பத்தாவுக்கு ஒரு பெயர் இருந்தது என்பதே அவர் இறந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஊரில் அவரை ‘ரங்கூனார் வீட்டம்மா’ என்றுதான் அழைத்தார்கள். மரைக்காயர் தெருவில் கப்பலேறிப் போனவனைச் ‘சபராளி’ என்பார்கள். அவன் மனைவி சபராளி பெண்சாதி. போனவனுடைய ஊரின் பெயரையோ பயணத்தின் பெயரையோ சுமந்துகொண்டு இங்கே இருந்தவர்கள் வாழ்ந்தார்கள். போனவன் இருக்கிறானா என்பதே தெரியாதபோது அந்த அழைப்புப் பெயரின் பாரம் என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வேறு பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வாத்தியார் மகள் பொய்க் கடிதம் வாசித்தது சரி என்கிறீர்களா?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். நானும் நெடுநாள் தூங்காமல் யோசித்த கேள்வி.

அவள் தரப்பை முதலில் சொல்கிறேன். பச்சை உடம்புக்காரியிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்பது எந்தக் குடும்பத்திலும் உள்ள நடைமுறை. நாற்பது நாள் கழித்துச் சொல்லலாம் என்றுதான் அவள் தள்ளிப்போடுகிறாள். நாற்பது நாள் ஆனபோது குழந்தைக்குக் காய்ச்சல். அது தணிந்தபோது கடைக்காரர், புருஷன் அசாமில் சம்பாதிக்கிறான் என்ற நம்பிக்கையில், கேப்பையும் உப்பும் கடனுக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். உண்மையைச் சொன்னால் அந்தக் கடன் அன்றைக்கே நின்றுவிடும். பொய் வெறும் ஆறுதலாக இருந்த நிலை மாறி, மூன்று பிள்ளைகளின் சோறாக ஆகிவிட்டது.

இனி, அந்தப் பொய் எடுத்துக்கொண்டதைச் சொல்ல வேண்டும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இந்தக் கரையில் என்ன நடக்கும் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். இராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும், சேதுக்கரையிலும், தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றியும் எங்கெங்கிருந்தோ வந்த மக்கள் இடுப்பளவு நீரில் நின்று தங்கள் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். நாடே வந்து தன் மூத்தோருக்குத் தண்ணீர் கொடுக்கும் கரையில் வாழ்கிற ஒரு பத்து வயதுப் பையன், தன் தகப்பன் இறந்ததே தெரியாமல், அந்தக் கூட்டத்துக்கு இடையில் சுண்டல் விற்றுக்கொண்டிருக்கிறான். நாவலில் அவன் ஒருவருடைய எள்ளுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சி வருகிறது. கரையில் நின்று அதைப் பார்க்கும் வாத்தியார் மகளுக்கு மட்டும்தான் அந்தப் பொட்டலம் யாருடைய கையில் யாருக்காக இருந்திருக்க வேண்டும் என்று தெரியும். 1942 முதல் 1945 வரை நான்கு ஆடி அமாவாசைகள் அப்படிக் கழிந்தன. இறந்தவனுக்குச் சேர வேண்டியதை எடுத்து இருப்பவர்களுக்கு அவள் சோறாகக் கொடுத்தாள். அதற்கு அவளை யாரும் கேட்கவில்லை, அவளுக்கு உரிமையும் இல்லை.

சரியா தவறா என்று ஒரே சொல்லில் கேட்பவர்களுக்கு என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். முதல் கடிதத்தை நான் மன்னிக்கிறேன். நான்காவது கடிதத்தை மன்னிக்க எனக்கு முடியவில்லை. முதல் கடிதம் அந்தப் பெண்ணுக்காக வாசிக்கப்பட்டது. நான்காவது கடிதத்தில் வாத்தியார் மகள் தன் பயத்தையும் சேர்த்து வாசிக்கிறாள். ‘இத்தனை நாள் ஏன் மறைத்தாய்’ என்று கேட்டுவிடுவாளே என்ற பயம் அது.

மரைக்காயர் வீட்டுப் பெண் அவசரப்பட்டுவிட்டாள் என்று தோன்றுகிறதே?

அப்படித்தான் பலர் எழுதுகிறார்கள், எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவள் 1944இல் தன் காக்காவின் (அண்ணனின்) துணையோடு முன்சீப் நீதிமன்றத்தில் மணவிலக்குக் கேட்கிறாள், பெறுகிறாள், மறுமணத்துக்கு முன் காத்திருக்க வேண்டிய இத்தா காலத்தை முடித்து வேறொருவரை நிக்காஹ் செய்கிறாள். 1946 தொடக்கத்தில் முதல் கணவன் பினாங்கிலிருந்து உயிரோடு திரும்பி வருகிறான்.

1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டத்தை இங்கே விளக்க வேண்டும். கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டுகள் தெரியாமல் இருந்தால் மனைவி மணவிலக்குக் கேட்கலாம் என்றது அந்தச் சட்டம். தீர்ப்பு வந்த பிறகும் ஆறு மாதம் அது நடைமுறைக்கு வராது. அதற்குள் கணவன் வந்து குடும்பம் நடத்தத் தயார் என்றால் தீர்ப்பு விலக்கப்படும். மலாயாவில் ஜப்பானியர் இருந்ததோ மூன்று ஆண்டு எட்டு மாதம். அதாவது, சட்டம் கேட்ட நான்கு ஆண்டு முடிவதற்குள் போர் முடிந்துவிட்டது. ஆனால் 1944இல் அந்தப் பெண்ணுக்குப் போர் எப்போது முடியும் என்று யார் சொன்னார்கள்? ஆகவே அதே சட்டத்தின் இன்னொரு பிரிவின்படி, இரண்டு ஆண்டுகள் செலவுக்குக் கொடுக்கவில்லை என்ற காரணத்தைச் சொல்லி அவள் வழக்குப் போடுகிறாள். கொடுக்க மனமிருந்தும் போர் தடுத்த கணவனை ‘கொடுக்கத் தவறியவன்’ என்று சொல்வது நியாயமா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளும் இரவுதான் நாவலின் நீண்ட அத்தியாயம்.

அவள் தன் காக்காவிடம் சொல்லும் வார்த்தையைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள்: “காத்திருக்க மாட்டேன்னு நான் சொல்லல காக்கா. யாருக்காகக் காத்திருக்கேன்னு எனக்குத் தெரியணும்.” அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. கணவனோடு வாழ்ந்தது எட்டு மாதம். திரும்பி வந்தவன் மேல் எனக்கும் இரக்கம் உண்டு. ஓலைக் கொட்டான் நிறைய அவன் கொண்டுவந்த பணம், வாழைமரப் படம் போட்ட ஜப்பானியப் பத்து டாலர் நோட்டு. போர் முடிந்ததும் செல்லாக் காசாகிப்போன அந்த நோட்டுகளை அவன் ஒவ்வொன்றாக எண்ணித் தன் தாயிடம் கொடுக்கிறான். தாயும் எண்ணி வாங்கி முடிந்துகொள்கிறாள். எழுதும்போது எனக்கே கை நின்றுபோன இடம் அது. ஆனாலும் அவனுடைய துயரத்துக்காக அவளைக் குற்றவாளி ஆக்க எனக்குச் சம்மதமில்லை.

அதே உரிமை வலைக்காரப் பெண்ணுக்கு இல்லையா?

அந்நாளில் சென்னை மாகாணத்து இந்துப் பெண்ணுக்கு நீதிமன்றத்தில் மணவிலக்குக் கேட்க வழியில்லை. அப்படியொரு சட்டம் மாகாணத்தில் வந்தது 1949இல்தான். அன்றைய சாட்சியச் சட்டப்படி ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பவரே அதை நிரூபிக்க வேண்டும். ஏழு ஆண்டு என்றால் 1949. சில சமூகங்களில் பழைய தாலியை அறுத்துவிட்டு மறுமணம் செய்யும், அறுத்துக் கட்டும் வழக்கம் இருந்தது. அதற்கும் சாவுச் செய்தியோ, பஞ்சாயத்தின் சம்மதமோ வேண்டும். அந்தச் செய்திதான் வாத்தியார் மகளின் மடியில் இருந்தது. பொய்யின் கணக்கில் இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

மரைக்காயர் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் கடிதம் வாசிக்க ஆள் தேவைப்படவில்லையே, அது எப்படி?

தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் இந்தக் கரையின் பெருஞ்செல்வம். சிறுவயதில் குர்ஆன் ஓதப் பழகிய பெண்பிள்ளைகளுக்கு, தமிழ் எழுத்தை அறியாவிட்டாலும், அந்த எழுத்தின் வழியாகத் தமிழை வாசிக்கவும் எழுதவும் முடிந்தது. கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் அதில் நூல்களே செய்திருக்கிறார்கள். கணவன் எழுதியதை அடுத்தவர் கண் படாமல் தானே வாசிப்பவளுக்கும், தன் கணவனின் அன்பைக்கூட அடுத்தவர் குரலில் கேட்க வேண்டியவளுக்கும் உள்ள வேறுபாட்டின் மேல்தான் இந்த நாவல் நிற்கிறது. தானே வாசிப்பவளை யாரும் பொய்க் கடிதத்தால் ஏமாற்றியிருக்க முடியாது. அதனால்தான் அவளுக்கு மௌனம் மட்டும் கிடைத்தது.

ஆகஸ்ட் 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்துக்கு ஒரே ஒரு அத்தியாயம்தானா?

ஆம், அது இன்னொரு நாவலுக்கு உரிய பொருள். ஆகஸ்ட் 9 அன்று காந்தியடிகள் கைதானார், அந்த வாரத்திலேயே ஆடி அமாவாசையும் வந்தது. அந்த மாதத்தில் தேவகோட்டை நீதிமன்றம் தீக்கிரையானது. மக்கள் திருவாடானைச் சிறையை உடைத்து, விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை விடுவித்தார்கள். அதன் பின் போலீஸ் அடக்குமுறை ஊர் ஊராகப் பாய்ந்தது. தலைமறைவான ஒரு இளைஞன் மூன்று நாள் வலைக்காரப் பெண்ணின் வலைக் குவியலுக்குள் ஒளிந்திருக்கிறான். சுதந்திரம் என்ற சொல்லை அவள் ஒருமுறைகூடச் சொல்வதில்லை. “எவ பெத்த பிள்ளையோ” என்று மட்டும் சொல்கிறாள். அவள் அவ்வளவு பெரிய ஆபத்தை ஏற்றுக்கொள்ள அந்த மூன்று சொல்லே போதும் என்று நினைத்தேன்.

நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ஒரு பெண்ணை நாயகியாக வைத்திருக்கலாமே?

1943இல் சிங்கப்பூரில் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் உருவான அந்தப் படையில் மலாயா ரப்பர் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். பால்மரம் வெட்டிய கை துப்பாக்கி ஏந்தியது என்பது நம் பெண்களின் வரலாற்றில் பெருமிதமான பக்கம், அதை நான் குறைத்து மதிப்பவள் அல்ல. அதே தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதை போடப் பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டு, திரும்பாமலே போனதும் அதே 1943இல்தான். இந்த இரண்டையும் மலேசியத் தமிழர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து எழுதும்போது வருகிற உண்மை, இக்கரையில் உட்கார்ந்து எழுதும் எனக்கு வராது.

அக்கால அன்றாட வாழ்க்கையை எழுத எவற்றைக் கவனித்தீர்கள்?

இல்லாத பொருள்கள் உள்ளே நுழைந்துவிடாமல் பார்ப்பதே பெரும் வேலையாக இருந்தது. முதல் படியில் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பதாக ஒரு காட்சி எழுதியிருந்தேன். பாசி எடுப்பது இங்கே விற்பனைத் தொழிலானது 1960களில்தான் என்பதால் அதை நீக்கினேன். நைலான் வலையும் அன்று இல்லை, நூல் வலைதான். பர்மா அரிசி நின்றதும் கேப்பை, வரகு, பனங்கிழங்கு, காய்ந்த மீன் இவைதான் சாப்பாடு. துணிப் பஞ்சம் வந்தபோது, மாற்றுச் சேலை இல்லாமல் மாமியாரும் மருமகளும் ஒரே சேலையை முறைவைத்து உடுத்தி வெளியே போகும் இடம் என் அப்பத்தா சொன்னது, நான் சேர்த்த கற்பனை அல்ல.

கதை நடக்கும் இடங்களை இப்போது பார்க்க முடியுமா?

தேவிபட்டினம் நவபாஷாணம், சேதுக்கரை, கீழக்கரையின் பழைய பள்ளிவாசல் ஆகியவற்றைப் பார்க்கலாம். தனுஷ்கோடித் துறைமுகமும் ரயில் நிலையமும் 1964 டிசம்பர் புயலில் அழிந்தன, இடிபாடுகள்தான் மிஞ்சியிருக்கின்றன.

கடைசியில், வலைக்காரப் பெண்ணுக்கு உண்மை முன்பே தெரியுமா?

இதற்கு விடை சொல்லக் கூடாது என்று சில நண்பர்கள் தடுத்தார்கள். ஆனால் நாவலிலேயே விடை இருக்கிறது என்பதால் சொல்கிறேன். ரங்கூனிலிருந்து உண்மையான கடிதங்கள் வந்த காலத்தில், கடிதம் வாசித்து முடிந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, “பணம் எம்புட்டு போட்டிருக்கு?” என்பதுதான். எட்டு இடங்களில் அந்தக் கேள்வி வருகிறது. 1942 ஜூனுக்குப் பிறகு வாசிக்கப்படும் கடிதங்கள் எவற்றிலும் பணம் வரவில்லை, அவளும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கடிதம் கேட்டு முடித்ததும், வாசித்தவளுக்குக் கூலியாக ஒரு கை நெத்திலிக் கருவாட்டை எடுத்துக் கொடுக்கிறாள். 1946 தை அமாவாசைக்கு முந்தின நாள் வாத்தியார் மகள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்ல வரும்போது, வலைக்காரப் பெண் மூத்த மகனுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கிறாள். திண்ணையில் ஒரு காகிதப் பொட்டலத்தில் எள் வாங்கி வைக்கப்பட்டிருக்கிறது.